6 கிழமை கை கவனம், பிறகு கார்ட் கவனம்

பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு வந்த அன்றே பார்க்க ஆள் வரும். வருகிறவர்கள் தோடம்பழம் கொண்டு வருவார்கள், கூடவே ஆளுக்கொரு தடையும் கொண்டு வருவார்கள். போனில் கதைக்காதே, மிக்சி பக்கம் போகாதே, கரண்ட் கம்பிக்குக் கீழே நடக்காதே, கடல் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. உடப்பிலும் இதுதான், கற்பிட்டியிலும் இதுதான். தோடம்பழத்தை வாங்கி வை. மற்றதை அக்கா சொல்கிறேன், கேள்.

காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் இருக்கிற அந்தப் பெட்டி டைட்டேனியத்தில் செய்து இறுக மூடியது. அதைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. கவலைப்பட வேண்டியது வயரைப் பற்றித்தான். இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போன வயரின் நுனி அங்கே நன்றாகப் பிடித்துக்கொள்ளச் சில கிழமை எடுக்கும். அதற்குள் கையை எட்டி இழுத்தால் நுனி விலகலாம். பிறகு திரும்பவும் ஆபரேஷன்தான்.

அதனால் பொதுவாக 4 முதல் 6 கிழமை வரை, மெஷின் வைத்த பக்கத்து முழங்கை தோளுக்கு மேலே போகக்கூடாது. பெரும்பாலும் இடப்பக்கம்தான் வைப்பார்கள். உனக்கு வலப்பக்கம் என்றால் நான் சொல்வதை மாற்றிப் பிடித்துக்கொள். 4, 5 கிலோவுக்கு மேல் தூக்காதே. வயரைக் கெடுக்கிற வேலை நம்முடைய கரையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்: கிணற்றில் வாளி இழுப்பது, கொடியில் உடுப்புப் போடுவது, ஐஸ் போட்ட மீன் பெட்டி தூக்குவது, கரைவலைக் கயிற்றில் தோள் கொடுப்பது, வள்ளத்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுப்பது. எல்லாவற்றையும் வேறு யாராவது செய்யட்டும். தலைவழியாக மாட்டுகிற டீசேர்ட்டை மடித்து வைத்துவிட்டுப் பட்டன் வைத்த உடுப்பைப் போடு. தலையை அம்மா பின்னிவிடட்டும். புத்தளம் பஸ்ஸில் நிற்க வேண்டி வந்தால் மேல் கம்பியை வலக் கையால் பிடி, அல்லது வெட்கப்படாமல் இடம் கேள்.

இதைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிப்போடாதே. என் தங்கச்சி அப்படித்தான் செய்தாள். ஒரு பழைய ஷோலால் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, சோறு பிசைவதற்குக்கூட அவிழ்க்காமல் இருந்தாள். கிளினிக்கில் டொக்டர் கையைத் தூக்கச் சொன்னபோது தோள் பூட்டுப்போட்ட மாதிரி நின்றது. பிறகு பிசியோதெரபிக்கு அலைந்ததுதான் மிச்சம். தோள் மட்டத்துக்குக் கீழே கை தாராளமாக அசையட்டும். தேங்காய் துருவுவதற்கு மட்டும் கொஞ்ச நாள் லீவு எடு.

காயம் ஆறும் வரை கடல், களப்பு, வாய்க்கால் எதிலும் இறங்காதே. மஞ்சள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். விபூதியை நெற்றியோடு நிறுத்து. காயம் சிவந்து சூடாக இருந்தால், வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் பார்மசியில் குளிசை வாங்கி விழுங்காமல், மெஷின் வைத்த ஆஸ்பத்திரிக்கே போ. வீக்கத்தில் ஊசி குத்தி நீர் எடுக்க யாரையும் விடாதே. இன்னொன்று, ராத்திரியில் விரல் தானாக அந்தப் பெட்டியைத் தேடிப் போகும். தடவிப் பார்க்கலாம், உருட்டக்கூடாது. தோலுக்குள் பெட்டியை உருட்டி உருட்டியே வயரைச் சுருட்டி இழுத்துவிட்ட ஆட்களைப் பற்றி டொக்டர்மார் 1968இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சேலை முந்தானை விழுவதும் பின் குத்துவதும் இடத் தோளில். பிரா பட்டியும் தழும்புக்கு மேலேதான் ஓடும். அகலமான பட்டி வைத்ததை வாங்கி, உள்ளே மெல்லிய பருத்தித் துணியை மடித்து வை. பின்னைத் தோளின் பின்பக்கமாகத் தள்ளிக் குத்து. பேக்கை வலத் தோளுக்கு மாற்று. வானில் முன் சீட்டில் இருந்தால் பெல்டுக்குக் கீழே ஒரு துண்டை வை. உரசுகிறது என்று பெல்டைப் போடாமல் விடாதே.

இனி கரண்ட் சாமான். மிக்சி, பிரிட்ஜ், டீவி, ரைஸ் குக்கர் எல்லாம் பாவிக்கலாம். போனை நெஞ்சுப் பொக்கட்டில் வைக்காதே, மெஷினிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், வலக் காதில் கதை. சில புதுப் போன்களின் முதுகிலும், இயர்பட்ஸ் டப்பாவிலும், ஹேண்ட்பேக் பூட்டிலும் காந்தம் இருக்கிறது. காந்தம் கிட்ட வந்தால் மெஷின் நின்றுவிடாது. உன் இதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் துடிப்பு அனுப்பும். காந்தத்தை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். இன்டக்ஷன் அடுப்பு என்றால் 60 சென்டிமீட்டர் தள்ளி நில். 2022இல் காஸ் இல்லாமல் திண்டாடியபோது வாங்கி வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதில் சமைக்கிற வேலையைத் தம்பிக்குப் பழக்கு, அவனும் கற்றுக்கொள்ளட்டும்.

கடல் தொழிலுக்குப் போகிற தம்பிமாரே, ஓடுகிற இன்ஜினின் மூடியைத் திறந்து குனிந்து பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். நெஞ்சுக்கும் இன்ஜினுக்கும் 30 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். முன்பு மயங்கி விழுந்தவன் என்றால் டொக்டர் சரி சொல்லும் வரை தனியாக வள்ளம் தள்ளாதே. காயம் ஆறி, கையும் சரியான பிறகு நீந்தலாம். ஆனால் கடலட்டைக்கு முக்குளிப்பது வேறு கதை. ஆழத்தில் அழுத்தம் கூடும், எவ்வளவு தாங்கும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். மொடல் பெயரைச் சொல்லிக் கேட்காமல் இறங்காதே. வெல்டிங் வேலையும் அப்படித்தான், கேட்காமல் தொடாதே. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தைத் தாண்டி பஸ்ஸில் போவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே வேலை என்றால் மட்டும் முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லி, எந்த இடத்துக்குப் போகலாம் என்று எழுதி வாங்கு.

திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்காதே, உள்ளே இருப்பது பெரிய காந்தம். உடப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்க நேர்ந்திருந்தால் நெருப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உனக்கும் அம்மனுக்கும். விரதத்தில் தண்ணீர் இல்லாமல் வாடுவதும் குளிசையைத் தவறவிடுவதும்தான் என் பயம். நோன்பு பிடிக்கிற பிள்ளைகளுக்கும் இதுதான். குளிசை நேரத்தை முன்கூட்டியே டொக்டரோடு கதைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

உன் இதயம் தானாகத் துடித்தால் மெஷின் சும்மா இருக்கும், துடிப்புத் தவறினால்தான் வேலை செய்யும். நடக்கும்போது வேகத்தைக் கூட்ட உடம்பின் அசைவை அளக்கிற வசதி பல மெஷின்களில் உண்டு. அதனால் குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டோவில் போனால் நீ ஓடுகிறாய் என்று அது நினைத்துக்கொள்ளலாம். நெஞ்சு படபடத்தால் கிளினிக்கில் சொல். வெட்டாமல் கொத்தாமல், மேலே ஒரு கருவியை வைத்தே சரிசெய்துவிடுவார்கள். நிற்காத விக்கல் வந்தாலும், வயிறு தாளத்துக்குத் துடித்தாலும் உடனே காட்டு, வயர் அசைந்திருக்கலாம். மயங்கி விழுந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் தந்த பேஸ்மேக்கர் கார்டைப் படம் எடுத்துப் போனில் வை, ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பியில் ஒட்டு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைக் காட்டிவிட்டு, மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்காமல் நடந்து போ, கைக் கருவியை நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க விடாதே. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதும் மெஷின், வயர் இரண்டின் மொடலையும் பொறுத்தது. ஒரு கம்பனி மெஷினை இன்னொரு கம்பனிக் கருவி வாசிக்காது. கொழும்புக்கு விடியற்காலை பஸ் ஏறுவதற்கு முன் கிளினிக்குக்குப் போன் பண்ணி, உன் மெஷினுக்கான கருவி இருக்கிறதா என்று கேள்.

பற்றரி பொதுவாக 8 முதல் 12 வருடம் வரும், முடிவதற்கு மாதக்கணக்கில் முன்பே காட்டிக்கொடுக்கும். பெட்டியைத்தான் மாற்றுவார்கள், வயர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உன்னைப் போல இளம் வயதில் வைத்தால் வாழ்நாளில் பல தடவை மாற்ற வரும், அதை இப்போதே மனதில் போட்டுக்கொள். உலகத்தில் முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட ஆர்னே லார்சன் சுவீடன்காரர். 1958 ஒக்டோபர் 8இல் வைத்த மெஷின் சில மணி நேரத்தில் நின்றுபோனது. அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மெஷின் மாற்றி, 2001இல் 86 வயதில்தான் இறந்தார். அதுவும் இதய நோயால் இல்லை, புற்றுநோயால்.

இந்த இளம் வயதில் துடிப்புக் கோளாறு ஏன் வந்தது என்று கேட்பார்கள். சிலருக்கு இதய ஓட்டையை அடைத்த ஆபரேஷனுக்குப் பின் வரும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். தாயின் இரத்தத்தில் உள்ள சில எதிர்ப்புப் பொருட்கள் குழந்தையின் இதயத்தில் மின்சாரம் ஓடும் பாதையைப் பாதிப்பதால்தான் பெரும்பாலும் அது வருகிறது. தாய்க்கே தன்னிடம் அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் இருக்கலாம். அம்மாவைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

கலியாணப் பேச்சு வந்தால் மறைக்காதே. வீட்டார் மறைக்கச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். போன இடத்தில் மயங்கி விழுந்தால் அந்தக் கார்ட் எங்கே இருக்கிறது என்று அங்கே ஒருவருக்காவது தெரிய வேண்டாமா? பேஸ்மேக்கர் வைத்த பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். கரு தங்குவதற்கு முன்பே இதய டொக்டரிடம் சொல்லிவிடு.

முதல் கிளினிக்குக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ: குறைந்த துடிப்பு எத்தனைக்கு வைத்திருக்கிறது, மெஷின் என்ன மொடல், எம்.ஆர்.ஐ. சரியா, வேலைக்கும் கடலுக்கும் எப்போது போகலாம், மோட்டார் சைக்கிள் எப்போது ஓட்டலாம். பதிலை அங்கேயே எழுது. பேனையும் கொண்டு போ, அந்தக் கியூவில் இரவல் கிடைக்காது.