விதையும் உலையும்

ஒரு பயிரின் விதையைக் காப்பதற்கு வயல் மட்டும் போதாது, அடுப்பும் வேண்டும். பல ஆண்டு விதைக்கப்படாமல் கிடக்கும் விதை முளைக்கும் திறனை இழக்கின்றது. உலையில் ஏறாத தானியத்தையோ எவரும் விதைக்க முற்படுவதில்லை. இவ்வுண்மையை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை நமக்குத் தெளிவாகக் கற்பிக்கின்றது. இம்மாதப் பாடமாக அதனை எடுத்துக்கொள்வோம்.

பரம்பரை விதை என்பது யாது?

பாட்டன் விதைத்ததைப் பேரன் விதைக்கும்போதும் குணம் மாறாமல் விளைவதே பரம்பரை விதை. வீரிய ஒட்டுத் தக்காளியின் விதையை எடுத்து மறு ஆண்டு விதைத்துப் பார்த்த அங்கத்தினர்கள் இதன் அருமையை அறிவர். ஒரு செடியில் பெரிய காய், மறு செடியில் சிறிய காய் எனப் பெற்றோரின் குணங்கள் பிரிந்து நிற்கும். நாட்டுத் தக்காளியில் இவ்வாறு நேர்வதில்லை. அதன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளுகின்றது.

அமெரிக்காவில் தம் குடும்பத்து முன்னோர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ‘ஜெர்மன் பிங்க்’ என்னும் தக்காளி விதையைக் காக்க விரும்பிய ஒரு தம்பதியர், 1975ஆம் ஆண்டில் விதை காப்போர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். அங்கத்தினர் ஒருவருக்கொருவர் விதையை மாற்றிக்கொள்வதே அதன் முறை. ஒருவர் தோட்டத்தில் அழிந்தது மற்றொருவர் தோட்டத்தில் பிழைத்திருக்கும். இது கூட்டுறவுத் தத்துவமேயன்றி வேறன்று.

மலையின் செல்வம்

தக்காளி நம் நாட்டிற்கு ஐரோப்பியர் வழியே வந்த விருந்தாளி. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களிடம் அதனினும் தொன்மையான செல்வம் உண்டு. அது சாமை, கேழ்வரகு, தினை ஆகியவற்றின் நாட்டு இரகங்களாகும். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, சுருட்டைக் கேழ்வரகு, பெருந்தினை, செந்தினை என்று பெயர் பலவாகும். ஒன்று முந்தி விளையும், ஒன்று பிந்தி விளையும். ஒன்று மேட்டுச் சரிவுக்கு ஏற்றது, மற்றொன்று நல்ல மண்ணுக்கு ஏற்றது. மழை ஒரு பக்கம் பொய்த்தாலும் வீடு முழுவதும் பட்டினி கிடவாதபடி காத்தது இவ்வகைமையே.

குறைந்தது ஏன்?

அண்மைப் பத்தாண்டுகளில் இப்பயிர்களின் பரப்பு வெகுவாகச் சுருங்கி, மரவள்ளி பெருகியது. உழவரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அது நியாயமன்று. காரணங்கள் இரண்டு.

முதலாவது, சந்தை. மரவள்ளிக் கிழங்குக்குச் சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன. ஆலை உரிமையாளர்களும் 1981இல் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் சரக்கை ஒன்றாக விற்கலாயினர். சாமைக்கு அத்தகைய அமைப்பு இருக்கவில்லை.

இரண்டாவது, உலக்கை. சாமையின் உமி கெட்டியானது. அதனை உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்கும் பாடு முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது. பகலெல்லாம் காட்டில் உழைத்த தாய், இரவில் உலக்கை பிடிக்க வேண்டுமென்றால், நியாய விலைக் கடை அரிசியை அவர் நாடியதில் வியப்பென்ன?

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஒரு பழைய கரை வேலைப்பாட்டை நெய்யத் தெரிந்த கை இருந்தும், நூல் கிடைக்காமலும் சேலை விலைபோகாமலும் இருந்தால், அக்கைத்திறன் ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். நூலை ஒன்றாக வாங்கித் துணியை ஒன்றாக விற்கும் சங்கமே அதனைக் காத்து வந்திருக்கின்றது. விதைக்கும் அதே மருந்துதான்.

செய்து காட்டிய வழி

1988இல் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் கொல்லிமலையில் பணி தொடங்கியது. விதைகளைச் சேகரித்ததோடு அது நின்றுவிடவில்லை. ஊர்களில் விதை வங்கிகள் ஏற்பட்டன. உமி நீக்கும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. சுய உதவிக் குழுவினர் சாமை அரிசியையும் கேழ்வரகு மாவையும் பொட்டலமிட்டு விற்கக் கற்றனர். உலக்கையின் பாரம் குறைந்த இடத்தில்தான் விதைக்கு மதிப்பு உயர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

விதை எடுக்கும் முறை

1. அறுவடைக்கு முன்பே வயலில் நடந்து, நோயற்ற, நன்கு முற்றிய கதிர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரப்போரக் கதிர்களை விட்டு நடு வயலில் எடுப்பது நலம்.

2. சாமையும் கேழ்வரகும் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையுடையவை. ஆகவே பூவில் ஏற்படும் கலப்பைவிடக் களத்தில் ஏற்படும் கலப்பே அதிகம். ஒவ்வோர் இரகத்தையும் தனித்தனியே அடித்துத் தூற்ற வேண்டும்.

3. ஈரம் 12 சதவீதத்திற்கு மேற்படாதபடி உலர்த்தி, வேப்பிலையோ நொச்சி இலையோ கலந்து, பெயரும் ஆண்டும் எழுதி வைக்க வேண்டும்.

4. விதைப்பதற்கு முன் 100 விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். 75க்குக் குறைவாக முளைத்தால் அவ்விதை நல்ல விதையாகாது.

ஏக்கருக்குச் சாமை விதை 4 அல்லது 5 கிலோ போதும். ஆகவே சிறு பானை ஒன்று ஓர் ஊரின் இரகத்தைக் காக்க வல்லது.

சமையலறையின் பங்கு

உமியோடு கூடிய சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது; அரிசியாக்கியபின் நாளடைவில் சிக்கு வாடை பற்றும். ஆதலால் வேண்டிய அளவே தீட்ட வேண்டும். தவிடு முழுவதையும் போக்கிவிடலாகாது. சாமைச் சோற்றுக்கு மோரும் துவையலும் போதும். பொங்கலுக்கும் உப்புமாவுக்கும் அது மிகப் பொருந்தும். கேழ்வரகிலோ 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. வளரும் குழந்தைக்கும் பாலூட்டும் தாய்க்கும் எது வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சங்கம் செய்யத்தக்கது

2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கின்றது. அவ்வுரிமை ஏட்டில் உறங்காதிருக்கச் சங்கம் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம்: விதைப் பேரேடு ஒன்று; உமி நீக்கும் இயந்திரம் ஒன்று; அறுவடைக்கு முன்பே விலை பேசிக் கொள்முதல் செய்யும் ஏற்பாடு ஒன்று. விதைக் கடன் பெற்றவர் அறுவடையில் கால் பங்கு கூட்டித் திருப்பித் தந்தால் விதைக் கையிருப்பு தானே வளரும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாய விலைக் கடை வழியே அரிசிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. இத்தகைய கடைகளுள் பல கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுபவை என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் முப்பது ஆண்டுக்கு முன் விதைத்த இரகங்கள் யாவை? அவற்றின் விதை இன்று யாரிடம் உள்ளது?

2. அவை மறைந்ததற்கு விளைச்சல் குறைவு காரணமா, விற்பனைக் குறைவு காரணமா, வீட்டு வேலையின் மிகுதி காரணமா?

3. அவ்வேலையின் சுமையைக் குறைப்பது பற்றி நம் சங்கத்துப் பெண் அங்கத்தினர்களின் கருத்து என்ன? இதுவரை அவர்களைக் கேட்டோமா?