டிஜாக்சினும் டியூட்டோரியலும்



மருந்தியல் டியூட்டோரியல் என்றால் வைவாவுக்கு ஒத்திகை என்றே இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர் பலரும் நினைக்கிறார்கள். தவறான நினைப்புதான், ஆனால் பழி முழுக்க அவர்களுடையதல்ல. ரோல் நம்பர் வரிசையில் எழுப்பி பீட்டா பிளாக்கர் வகைப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லும் வகுப்பு வேறு எப்படித் தெரியும்?

2019 பாடத்திட்டம் இந்தியாவில் மருந்தியல் விரிவுரைக்கு 80 மணி நேரமும், செய்முறை உள்ளிட்ட சிறுகுழுக் கற்றலுக்கு 138 மணி நேரமும் ஒதுக்கியது. விரிவுரை மண்டபத்தில் வாய் திறக்கத் தயங்குபவர் சிறு குழுவில் சந்தேகம் கேட்கிறார். மாணவர்கள் சொல்லும் முதல் நன்மை இது. ஆசிரியர் மறுபடி விரிவுரையே நடத்துகிறார், படித்து வந்த நால்வரே பேசுகிறார்கள் என்பவை குறைகள். இரண்டும் நியாயமானவை.

நல்ல டியூட்டோரியலுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். தினம் 0.25 மி.கி. டிஜாக்சின் எடுப்பவருக்கு ஸ்டெடி ஸ்டேட், அதாவது இரத்தத்தில் மருந்தின் அளவு நிலைபெறுவது, எப்போது வரும்? டோஸை இரட்டித்தால் சீக்கிரம் வருமா? ‘வரும்’ என்று பாதிக் குழு கை தூக்கும். கரும்பலகையில் கணக்குப் போட்டால் விஷயம் தெளியும். சிறுநீரகம் சரியாக இருந்தால் அரை ஆயுள் சுமார் 36 மணி நேரம். ஒன்று கழிந்ததும் நிலைக்கும் அளவில் 50 விழுக்காடு, பிறகு 75, 87.5, 93.75. ஏறக்குறைய முழுதாக எட்ட ஐந்து அரை ஆயுள், அதாவது ஏழரை நாள். இரட்டை டோஸுக்கும் அதே ஏழரை நாள்தான். நிலைக்கும் அளவு மட்டும் இரு மடங்காகும், கூடவே வாந்தியும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். அவசரமென்றால் லோடிங் டோஸ். சிறுநீரகம் கெட்டிருந்தால் அரை ஆயுள் நீளும், ஸ்டெடி ஸ்டேட்டும் தள்ளிப்போகும். கை தூக்கியவர் தன் தவறைத் தானே சாக்பீஸால் திருத்துகிறார். வகைப்பாட்டை ஒப்பித்தவருக்கு இந்த வாய்ப்பே இல்லை.

ஒப்பிப்பதைவிட இந்த அடிப்படைப் புரிதலே முக்கியம். மருந்தியலாளர்கள் குட்மேனும் கில்மேனும் யேலில் கற்பித்த காலத்தில் எழுதி 1941-இல் வெளியிட்ட பெருநூலின் தலைப்பிலேயே ‘அடிப்படை’ என்ற சொல் இருக்கிறது. அந்த நூலைத் தலையணையாக மட்டும் பயன்படுத்தும் தலைமுறைக்கு இந்தச் சொல் கண்ணில் படுவதில்லை.

படிக்காமல் வருபவருக்கு மருந்து, கேள்வியை முதல் நாளே கொடுத்துவிடுவது. டிஜாக்சினுக்கு அடுத்து பெனிடாயின் பொருத்தம்: 300 மி.கி.யை 400 ஆக்கினால் இரத்த அளவு ஏன் மூன்றில் ஒரு பங்கோடு நிற்காமல் எகிறுகிறது, நோயாளி ஏன் தள்ளாடுகிறார்? கல்லீரல் நொதிகள் நிரம்பி வழியும் இந்த இடத்தில் டிஜாக்சின் கணக்கு செல்லாது.