முதல் படத்தில் கத்தி இருக்கட்டும்

அன்புள்ள பேத்திக்கு,

சின்னத் தாத்தா எழுதுகிறேன். நீ கொடுத்துவிட்டுப் போன ‘ஹிடன்’ படக்கதையைப் படித்தேன். நாஜிகள் பிடித்த பாரிஸில் டூனியா என்ற யூதச் சிறுமி. சட்டையில் குத்திய மஞ்சள் நட்சத்திரத்தை ஷெரிப் பட்டம் என்று அப்பா சொல்ல, அதையும் நம்புகிறாளே! அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

“நம்ம கதை இப்படி இல்லையா தாத்தா?” என்று கேட்டாய். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவல்களைப் படி. பிள்ளைகளுக்கென்று வரைந்த புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் போட்டு முடித்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களைக் காலராவும் பசியும் அடியும் தின்றன. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பேர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களுக்குக் காடுதான். நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனை நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியேயின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சயாமுக்கு லாரி ஏறியவர்களின் பெயர்ப் பட்டியலை நான் எங்கும் பார்த்ததில்லை.

யூதர் பட்டது பெரிதா, நாம் பட்டது பெரிதா என்று நிறுக்காதே. அங்கே ஓர் இனத்தையே அழிக்கத் திட்டம் போட்டார்கள். இங்கே உழைப்பைப் பிழிந்து ஆளைக் காட்டில் எறிந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே.

நம் கதையை நீயே படக்கதையாக வரை. பாலத்தையும் ரயிலையும் முதலில் வரைய வேண்டாம். ‘மூணே மாசம்’ என்று அப்பாவை அழைத்துப் போனபோது உன் பாட்டிக்கு ஆறு வயது, நான் கைக்குழந்தை. லயத்துக் கூரையில் அப்பாவின் ரப்பர் பால் வெட்டும் கத்தி செருகியிருந்ததாம். வாரா வாரம் அம்மா அதைக் கல்லில் தீட்டி, எண்ணெய் தடவி, அதே இடத்தில் செருகுவாராம். சண்டை முடிந்து உயிரோடு வந்த ஒருவர் வாசலில் நின்று சேதி சொன்ன பிறகுதான் தீட்டுவதை விட்டாராம். என் அக்கா, அதான் உன் பாட்டி, ஒரே ஒரு தடவை சொன்னது இது. அந்தக் கத்தியை வரை.

டூனியாவும் பாட்டியான பிறகுதான், பெற்ற மகனிடம்கூடச் சொல்லாததைப் பேத்தியிடம் சொல்கிறாள். உன் பாட்டி முதலில் “ஒண்ணும் ஞாபகமில்ல” என்பார். விட்டுவிடாதே. கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார். போனை நீட்டாதே, நோட்டை மடியில் வை. அழுதால் அன்றைக்கு அத்தோடு நிறுத்து.

இந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடு. வருகிற தையில் பாட்டிக்கு எண்பத்தொன்பது.

அன்புடன்,
சின்னத் தாத்தா
பத்தாங் பெர்ஜுந்தை