கற்பிட்டியில் எந்தக் கடிகாரத்தை நம்புவது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால்தான் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னதும் ஊர் சிரித்தது. கற்பிட்டிக்கு அருகிலுள்ள நுரைச்சோலையில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அங்குள்ள 900 மெகாவாற் லக்விஜய மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த நாட்களில் சுழற்சி மின்வெட்டு. இத்தகைய மின்தடையை விசாரிக்கும்போது எது முதலில் நின்றது என்பதே பிரதான கேள்வி. பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் மில்லி செக்கன் கணக்கில் ஒத்துப்போகாவிட்டால் அதற்கு விடையே கிடைக்காது.

கற்பிட்டி ஹோட்டலுக்கோ சிலாபம் ஐஸ் தொழிற்சாலைக்கோ அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். கமராவும் பில் கணினியும் ஒரு செக்கனுக்குள் ஒத்தால் தாராளம்.

கடிகாரத்தை இணையம் வழியே ஒத்திசைக்கும் நெறிமுறை என்டிபி; அதற்கு இலவசமாகக் கிடைப்பது என்டிபி பூல். தன்னார்வலர்களின் சேவையகங்களை அது தானே கண்காணித்துப் புள்ளி போடுகிறது. உச்சம் 20, 10க்குக் கீழே இறங்கினால் பட்டியலிலிருந்து நீக்கம். இலங்கைப் பிரிவில் சேவையகங்கள் குறைவு என்பதால் ஆசியப் பிரிவையும் சேர்ப்பது நல்லது. அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் தரும் நேரமே அதிகாரபூர்வமானது. ஆனால் அதை மட்டும் நம்பினால், பிழைத்தால் காட்டிக்கொடுக்க இன்னொன்று இராது. நான்கு மூலங்கள் இருந்தால் பொய் சொல்வது எதுவென்று தெரிந்துவிடும். கூகுளின் நேரச் சேவையகம் உறுதியானது. உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கப்படும் லீப் செக்கனை ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் கொடுக்கும் பழக்கம் அதற்கு உண்டு, ஆகவே மற்றவற்றோடு கலக்கக் கூடாது. மில்லி செக்கன் தேவைப்படுவோருக்கு ஜிபிஎஸ் வாங்கி. மறைப்பில்லாத கடற்கரை வானம் அதற்குத் தோது, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இணைப்பிகளைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணைப்புக் கோளாறென்றால் கடிகாரத்தை ஒத்திசைக்கும் குரோனி நிரலில் ‘ரீச்’ பத்தியை முதலில் பார்க்கலாம். 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது. 357 என்றால் ஒன்று தவறியிருக்கிறது. எப்போதும் 0 என்றால் பெரும்பாலும் யுடிபி 123 வாயில் எங்கோ அடைபட்டிருக்கும். 2014 வாக்கில் என்டிபி வழியே நடந்த பெருந்தாக்குதல்களுக்குப் பிறகு அதை வடிகட்டிய வலையமைப்புகள் பல. ரீச் 377 இருந்தும் நேரம் பிசகினால் போகும் வழியும் திரும்பும் வழியும் சமமில்லை எனச் சந்தேகிக்கலாம். போக 20, வர 120 மில்லி செக்கன் என்றால் பிழை 50. மாலையில் நெரியும் 4ஜி இணைப்பில் இது சாதாரணம்.

பழைய கருவி ஒன்று சரியாக அரை மணி நேரம் முந்திக் காட்டினால் சேவையகத்தைத் தொடவே வேண்டாம். 2006 ஏப்ரல் 15இல் இலங்கை கடிகாரத்தை அரை மணி பின்தள்ளியது அந்தக் கருவிக்கு இன்னும் தெரியாது. திருத்த வேண்டியது அதன் நேரவலய அட்டவணையை.