இளைப்புள்ளவர்களுக்கு வீட்டிலே பயிற்சி



"இளைப்புக்காரர் அலையக்கூடாது, ஓரிடத்தில் உட்காரட்டும்" என்று வீட்டார் அன்பினால் சொல்வதை எங்கள் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். பல ஆண்டுகள் பீடி குடித்தவர்களும், விறகடுப்புப் புகையில் சமைத்த தாய்மார்களும், காசநோய் குணமான பின்பும் நுரையீரலில் தழும்பு தங்கியவர்களும் இப்படியே முடங்கிவிடுகிறார்கள்.

முடங்கினால் கால் தசைகள் மெலியும். மெலிந்த தசை சீக்கிரம் களைத்து, இன்னும் அதிக மூச்சைக் கேட்கும். கிணற்றடிக்குப் போய்வரவே இளைக்கும். அதற்குப் பயந்து இன்னும் உட்காருவார்கள். பயிற்சி கெட்டுப்போன நுரையீரலைப் புதிதாக்காது. ஆனால் தசை பலப்படுவதால், அதே நுரையீரலோடு கூடுதல் தூரம் நடக்கலாம்.

மருத்துவரிடம் கேட்டபின் தொடங்கவேண்டியவை:

1. மூச்சு: மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விளக்குச் சுடரை அணைக்காமல் அசைப்பதுபோல உதடு குவித்து, நான்கு எண்ணும்வரை விடவேண்டும்.

2. நடை: முதலில் 5 நிமிடம், மெல்ல மெல்ல 20 முதல் 30 நிமிடம். இளைக்கலாம், ஆனால் பேச முடியவேண்டும்.

3. எழுந்து உட்காருதல்: உறுதியான நாற்காலியிலிருந்து 5 முதல் 10 முறை. எழும்போது மூச்சை விடவேண்டும்.

4. கை: அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தோள்வரை உயர்த்தவேண்டும்.

இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதட்டில் நீலம் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வரவேண்டும். காய்ச்சலோ, சளியின் நிறமாற்றமோ இருந்தால் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

வாரம் இருமுறை பஸ் ஏறி வருவது இவர்களில் பலருக்குக் கூடாத காரியம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரேயொரு வீட்டுச் சந்திப்பும் வாரம் ஒரு தொலைபேசி அழைப்புமாக 8 வாரம் வீட்டிலே பயின்றவர்கள், மருத்துவமனைக்கு வந்து பயின்றவர்களுக்குக் குறையாமல் முன்னேறினார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு சாராரிடமும் அந்தப் பலன் நிலைக்கவில்லை. ஆகவே தொடங்கிவைப்பது மட்டும் போதாது. தொடர்ந்து விசாரிக்க ஒருவர் வேண்டும்.

உங்கள் காணிக்கை எங்கள் செவிலியரை அவர்கள் வாசல்வரை அனுப்புகிறது. மற்ற நாட்களில் அவர்களோடு நடப்பது யார்? உங்கள் சபையிலும் இளைப்பினால் ஆராதனைக்கு வராமல் நின்றுபோன ஒரு முதியவர் இருக்கலாம். மாலையில் அவரோடு தெருக்கோடிவரை மெதுவாய் நடந்து வாருங்கள். அதுவும் ஊழியமே.

இவர்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்