திட்டம் மாறும்பொழுது: சிறு குழந்தையோடு ஒரு நாளை நடத்தும் முறை

பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போவதென்றால் மின்சார ரயிலில் அடுத்த நிலையத்தில் இறங்கவேண்டியதுதான். ஆயினும் இரண்டு வயதுக் குழந்தையோடு புறப்படுகிற குடும்பத்துக்கு அந்தச் சொற்பத் தூரத்துக்குள்ளேயே எத்தனையோ தடைகள் காத்திருக்கின்றன. செருப்பைத் தானே மாட்டிக்கொள்வேனென்று வாசலிலேயே கால்மணி நேரம் கழியும். ஷேர் ஆட்டோ கிடைத்த மாத்திரத்தில் தோளில் சாய்ந்து உறங்கிவிடும். நிலையத்தில் விழித்தெழுந்தாலோ, நிற்காமல் தெற்கே பாய்ந்துபோகும் விரைவு ரயிலைக் கண்டு, இந்தப் பிளாட்பாரத்தைவிட்டு நகரமாட்டேனென்று அடம்பிடிக்கும். இவ்வேளைகளில் மனம் கசக்காமல் மாற்றத்தை உவந்து ஏற்பது பழகினால் எவர்க்கும் கைவரக்கூடியதே. அப்பழக்கத்தைப் படிப்படியாகக் கைக்கொள்ளும் முறையை இங்கே சொல்கிறேன்.

முதற்படி, குழந்தையின் சுபாவத்தை அறிவது. 1939-ல் சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்துவதற்காகச் சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், யுத்தத்தின் நிமித்தம் திரும்பிப்போக இயலாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, அந்த ஆண்டுகளை ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் செலவிட்டார். பொருள்களும் செயல்களும் வழக்கமான கிரமத்திலேயே இருக்கவேண்டுமென்னும் தீவிர வேட்கை சிறு குழந்தைகளுக்கு உண்டென்பதும், அந்தக் கிரமம் குலையும்போது அவர்கள் அழும் அழுகையில் மெய்யான கலக்கம் இருக்கிறதென்பதும் அவ்வம்மையார் வற்புறுத்திய அபிப்பிராயங்கள். நம்முடைய கடிகாரம் குழந்தைக்கு ஒரு பொருட்டில்லை. குளித்தபின் சோறு, சோற்றுக்குப்பின் உறக்கம் என்னும் வரிசையையே அது பற்றிக்கொண்டிருக்கிறது. ஆதலால் நேரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தளர்த்தலாம். வரிசையை மட்டும் கூடியவரை காக்கவேண்டும். பின்வரும் யோசனைகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

அடுத்து, ஒரு நாளைக்கு ஒரு வெளிக்காரியத்துக்குமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றிரண்டு வயதில் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்தத் தூக்கத்தை வெட்டி அமைத்த திட்டம் மாலைக்குள் தானாகவே முறிந்துபோகும். தண்ணீர், மாற்றுடை, வாழைப்பழம், ரஸ்க், ஒரு துண்டு ஆகியவை அடங்கிய பை எப்பொழுதும் கதவருகே தொங்கட்டும்.

பிறகு, ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் அதனினும் சிறிய ஒன்றை முன்கூட்டியே யோசித்துவையுங்கள். பூங்கா இல்லையானால் ரயில் நிலையம். அதுவும் இல்லையானால் மொட்டைமாடி. குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரத்தின் ஓரத்தைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி அமர்ந்து, வந்துபோகும் வண்டிகளைப் பார்ப்பது நமக்கு வீணாகிய காலைப்பொழுது என்று தோன்றலாம். குழந்தைக்கோ அதுவே பரிபூரணமான உல்லாசப் பிரயாணம். யானையைக் காணவில்லையே என்னும் ஏக்கம் பெரும்பாலும் பெற்றோருடையதே.

மாற்றத்தைக் குழந்தைக்குச் சொல்லும் விதம் மிக முக்கியமானது. இங்கேதான் பொறுமை முழுவதும் தேவைப்படுகிறது. அதன் கண்ணுயரத்துக்குக் குனிந்து அமர்ந்து, இழந்ததை முதலில் சொல்லுங்கள்: "புலி பார்க்கணும்னு இருந்தே, மழை வந்துடுச்சு, அழுகையா வருது, இல்லையா?" அழுகை தணியும்வரை வாதம் வேண்டாம், மிட்டாய் ஆசையும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். தணிந்தபின் அடுத்து நடக்கப்போவதைச் சொல்லி, "குடை நீ பிடிக்கிறியா, அம்மா பிடிக்கட்டுமா?" என்பதுபோல இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அளித்தால், தானும் காரியத்தில் பங்குடையவன் என்னும் திருப்தி அதற்கு உண்டாகிறது.

உறவினர்களை மறக்கலாகாது. தாம்பரத்தில் விருந்துக்கு அழைத்தவரிடம் இத்தனை மணிக்கு வருவோமென்று வாக்களிப்பதைவிட, "அத்தை, குழந்தை எழுந்ததும் கிளம்புறோம், எங்களுக்காகச் சாப்பாட்டை நிறுத்தி வைக்காதீங்க" என்று சொல்லிவிடுவது இருதரப்புக்கும் சௌகரியம். கணவன் மனைவிக்குள்ளும், அந்தக் கணத்தில் குழந்தையை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர் முடிவே முடிவு என்று முன்னதாக ஒப்புக்கொண்டால் நடுத்தெருவில் தர்க்கம் எழாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வட்டாரத்தில் மாற்றம் சில சமயம் கட்டளையாகவே வருகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதும் இங்குள்ளோர் மறக்கவொண்ணாதவை. வெளியேறும்படி அதிகாரிகள் சொன்னால், தெருவில் நீர் ஏறுமுன்பே குழந்தையோடு புறப்பட்டுவிடுங்கள். ஆவணங்களோடும் மருந்துகளோடும், அது போர்த்திக்கொள்ளும் விரிப்பையும் பால் குடிக்கும் டம்ளரையும் அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள். அயலார் வீடானாலும் முகாமானாலும், பழைய டம்ளரில் பால், பழைய விரிப்பு, அதே தாலாட்டு என்னும் வரிசை அன்றிரவும் மாறாதிருக்குமானால், குழந்தை சீக்கிரத்தில் உறங்கிவிடக்கூடும்.

தள்ளிப்போட்ட பூங்காவைப் பற்றி ஒரு சொல். "நாளைக்கு" என்று வாக்களிக்காதீர்கள். எந்த நாள் நாளையென்று குழந்தைக்குத் தெரியாது, கேட்டுக்கொண்டே இருக்கும். போகிற அன்று காலையில், குளிப்பாட்டிச் சோறூட்டியபின் சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறையாதலால் அந்தக் கிழமையை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.