முயலின் கண்ணும் மனிதனின் தோலும்

நுழையும்முன்

நாம் பயன்படுத்தும் ஒரு பொருள் நமக்குத் தீங்கு செய்யாது என்பதை எவ்வாறு உறுதி செய்கின்றனர்? அவ்வுறுதிக்காக வாயில்லா உயிர்கள் துன்புற வேண்டுமா? இவ்வினாக்களுக்கு அறிவியல் தேடும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

மாணவர்களே! ஆஸ்டின் டவுனில் உள்ள எந்த மளிகைக் கடைக்குச் சென்றாலும் சலவைத்தூள், ஷாம்பு, கொசுவிரட்டி, தரை துடைக்கும் நீர்மம் முதலியவை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இவை அனைத்தும் வேதிப்பொருள்களால் ஆனவை. ஷாம்பு ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால் என்ன நேரும்? கொசுவிரட்டியைத் தவறுதலாக விழுங்கினால் என்ன ஆகும்? விற்பனைக்கு அனுப்பும் முன்பே இவற்றை அறிந்திருத்தல் உற்பத்தியாளரின் கடமை. ஆயினும், அதனை மனிதர்மீது சோதித்து அறிவது தகாது. ஆகவே அச்சுமை நெடுங்காலமாக முயல், எலி, கினிப்பன்றி ஆகிய உயிர்களின்மேல் ஏற்றப்பட்டது.

1927ஆம் ஆண்டில் டிரெவன் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு சோதனை முறையைப் புகுத்தினார். ஒரு பொருளை எவ்வளவு கொடுத்தால் விலங்குகளுள் பாதி இறக்கும் என்று கணக்கிடுவதே அம்முறை. 1944இல் அமெரிக்க அறிவியலாளர் ஜான் டிரெய்ஸ் மற்றொரு முறையை வெளியிட்டார். அதில், சோதிக்க வேண்டிய பொருளை முயலின் கண்ணில் இடுவர். பின்னர்ச் சிவப்பு, வீக்கம், விழிப்படலத்தின் கலங்கல் ஆகியவற்றை நோக்கி மதிப்பெண் இடுவர்.

இம்முறைகளில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, விலங்குகள் அடைந்த துன்பம். இரண்டாவது, விடையின் நம்பகத்தன்மை. முயலுக்கு மூன்றாவது இமை உண்டு. கண்ணீர் குறைவாகவே சுரக்கும். எனவே, முயலின் கண் காட்டும் விளைவை மனிதனின் கண்ணும் காட்டும் என்று உறுதியாகக் கூற இயலாது. மேலும், ஒரே பொருளுக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு முடிவுகளைத் தந்ததை 1971இல் வெளியான ஓர் ஒப்பாய்வு எடுத்துக்காட்டியது.

இதற்கு முன்னரே, 1959இல், ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு பிரித்தானிய அறிஞர்கள் ஒரு நூலில் மூன்று நெறிகளை வகுத்திருந்தனர். விலங்குக்கு மாற்றாக வேறு முறையைக் கையாளுதல் முதல் நெறி. விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல் இரண்டாம் நெறி. தவிர்க்க இயலாத இடத்தில் அவற்றின் துன்பத்தைத் தணித்தல் மூன்றாம் நெறி. பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதாரக் கூட்டுறவு, மேம்பாட்டு அமைப்பு, பாதி விலங்குகள் இறக்கும் அளவைக் கணக்கிடும் பழைய நெறிமுறையை 2002இல் நீக்கியது. அதற்கு ஈடாக வந்த முறைகளுள் ஒன்றில் ஒரு படிக்கு மூன்று விலங்குகளே போதும்.

இனி, மாற்றுமுறை ஒன்றைக் காண்போம். மனிதத் தோலின் உயிரணுக்களை ஆய்வகத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் வளர்க்கின்றனர். அவை அடுக்கடுக்காக வளர்ந்து, நம் மேற்றோலைப் போன்ற திசுவாகின்றன. அதன்மேல் வேதிப்பொருளைத் தடவி, குறித்த நேரத்தில் கழுவி, ஏறத்தாழ இரண்டு நாள் வைத்திருக்கின்றனர். பின்னர் மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்க்கின்றனர். உயிருள்ள அணுக்கள் அச்சாயத்தை ஊதா நிறமாக மாற்றும். இறந்த அணுக்கள் மாற்றா. ஊதா நிறத்தின் அளவைக் கொண்டு, எத்தனை விழுக்காடு அணுக்கள் பிழைத்தன எனக் கணக்கிடுவர். பிழைத்தவை ஐம்பது விழுக்காட்டுக்கு மேற்படாவிடில், அப்பொருள் தோலை உறுத்தும் என முடிவு செய்வர். இங்கு முயலும் இல்லை. முயலைக் கொண்டு மனிதனை ஊகிக்கும் இடரும் இல்லை.

இத்தகைய எண்ணத்திற்கு நம் நாட்டுச் சட்டத்திலும் வேர் உண்டு. மதுரையில் பிறந்து, சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். விலங்குகளின் நலன் காக்க அவர் அங்கே தனிநபர் சட்டமுன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. இயலும் இடங்களில் எல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. 2014இல் அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதை இந்தியா தடை செய்தது. அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதியையும் அதே ஆண்டில் தடுத்தது. திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அமைந்த மகாத்மா காந்தி – டோரன்காம்ப் மையம், உயிரியல் கல்வியிலும் ஆய்விலும் மாற்றுமுறைகளைப் பரப்பும் பணியை மேற்கொண்டது.

எனினும், எல்லாச் சோதனைகளையும் இன்றே கைவிட இயலுமா? இயலாது. கிண்ணத்தில் வளரும் தோலுக்குக் கல்லீரல் இல்லை, குருதியோட்டமும் இல்லை. உடலுக்குள் சென்ற ஒரு பூச்சிக்கொல்லி ஆண்டுக்கணக்கில் என்ன செய்யும், கருவிலுள்ள குழந்தையை எவ்வாறு தாக்கும் என்பன போன்ற வினாக்களுக்கு ஒரே திசு விடை கூறாது. அதற்காகப் பல உறுப்புகளின் உயிரணுக்களை இணைத்தும், பழைய பொருள்களின் தரவுகளோடு புதிய பொருளின் மூலக்கூறு அமைப்பைக் கணினியில் ஒப்பிட்டும் அறிஞர்கள் முயன்று வருகின்றனர். அவ்விடைகள் உறுதிப்படும்வரை விலங்குச் சோதனை சில துறைகளில் தொடரவே செய்யும்.

ஆகவே இரக்கம் மட்டும் போதாது. இரக்கத்திற்குத் துணையாக நுட்பமான அறிவும் வேண்டும். விலங்கைக் காப்பதற்காக மனிதனின் பாதுகாப்பைத் தளர்த்துதல் தீர்வாகாது. இரண்டையும் ஒருங்கே காக்கும் முறையைக் கண்டறிவதே அறிவியலின் கடமை.

சொற்பொருள்

உயிரணு – உயிரின் மிகச் சிறிய அடிப்படை அலகு
திசு – ஒத்த உயிரணுக்களின் தொகுதி
நெறிமுறை – பின்பற்ற வேண்டிய ஒழுங்கு
இடர் – துன்பம், இடையூறு
ஊகித்தல் – அறிந்ததைக் கொண்டு அறியாததைக் கருதுதல்

பிரித்து எழுதுக

1. அச்சுமை
2. அம்முறை
3. உயிரணு
4. இவ்வினா

விடையளிக்க

1. முயலின் கண்ணுக்கும் மனிதனின் கண்ணுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. ரஸ்ஸல், பர்ச் ஆகியோர் வகுத்த மூன்று நெறிகளை எழுதுக.
3. தோல் திசுச் சோதனையில் சாயத்தின் நிறமாற்றம் எதனை உணர்த்துகிறது?
4. விலங்குச் சோதனையை முழுவதும் கைவிட இன்று இயலாமைக்குக் காரணம் கூறுக.

செயல்பாடு

உம் வீட்டிலுள்ள மூன்று துப்புரவுப் பொருள்களின் உறைகளில் அச்சிடப்பட்ட எச்சரிக்கைகளைப் படித்து, அவற்றைத் தமிழில் எழுதி, பாட்டி அல்லது தாத்தாவுக்குப் படித்துக் காட்டுக.